எட்டு வயர்களில் எதைக் குறைக்கலாம்? மாடல் விமான ஈஎஸ்சி இணைப்புகள்: ஓர் ஒப்பீடு

ஒரே மோட்டார் கொண்ட சாதாரண மின்சார மாடல் விமானத்தில், ஈஎஸ்சி என்னும் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியிலிருந்து எட்டு வயர்கள் கிளம்புகின்றன. பேட்டரிக்கு இரண்டு, மோட்டாருக்கு மூன்று, ரேடியோ கட்டளையைப் பெறும் ரிசீவருக்குப் போகும் மெல்லிய சர்வோ வயர்கள் மூன்று (சர்வோ என்பது இறக்கை, வால் மடிப்புகளை அசைக்கும் சிறு மோட்டார்). இரட்டை மோட்டார் என்றால் பதினாறு. அவற்றோடு பேட்டரியிலிருந்து இரண்டாகப் பிரியும் ஒய் வடிவ வயரும் சேரும். இவ்வளவையும் ஒரு ஃபோம் விமானத்தின் வயிற்றுக்குள் திணித்து மூடியை அழுத்தும்போது, இதை எளிதாக்க வழியே இல்லையா என்ற கேள்வி எவருக்கும் எழும்.

வழிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிக்கலைத் தீர்த்துவிட்டு வேறொன்றைத் தள்ளிப்போடுகிறது. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: உண்மையிலேயே கழற்றப் போகும் இடத்தில் மட்டும் இணைப்பி இருக்கட்டும், பேட்டரிக்கும் ஈஎஸ்சிக்கும் நடுவிலான வயர் முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும். மற்றவை எல்லாம் விமானத்தைப் பொறுத்தவை.

பேச்சு அந்தரத்தில் நிற்காமலிருக்க, நம் ஊர்க் கடைகளில் எளிதில் கிடைக்கும், கல்லூரி ஏரோமாடலிங் குழுக்கள் பெரும்பாலும் தொடங்கும் தொகுப்பையே எடுத்துக்கொள்வோம்: ஏ2212 வகை 1000 கேவி மோட்டார் (கேவி என்பது ஒரு வோல்ட்டுக்கு நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்ற கணக்கு), 30 ஆம்ப் ஈஎஸ்சி, 3எஸ் (அதாவது மூன்று செல் தொடராக) 2200 மில்லி ஆம்ப்-மணி லிப்போ பேட்டரி. பெரிய விமானங்கள் வரும் இடங்களில் தனியாகச் சொல்கிறேன்.

## எதை வைத்து எடைபோடுவது?

முதல் அளவுகோல், பறக்கும்போது கைவிடக்கூடிய இடங்கள் எத்தனை என்பது. ஒவ்வொரு பிளக்கும், ஒவ்வொரு சால்டர் மூட்டும் அப்படி ஓர் இடம்தான். ஆனால் எல்லாம் ஒரே தரத்தவை அல்ல. மோட்டார் வயர் ஒன்று விலகினால் உந்துவிசை போகும், விமானம் சறுக்கி இறங்கும். ரிசீவருக்கு மின்சாரம் நின்றால் விமானமே போகும்.

இரண்டாவது, ஒரு பாகம் கெட்டால் எத்தனை பாகங்களை மாற்ற வேண்டியிருக்கும் என்பது. மூன்றாவது, வெப்பமும் மின்னழுத்த ஏற்ற இறக்கமும். நான்காவது எடை, அதைவிட, அந்த எடை எங்கே உட்காருகிறது என்பது. சிறிய விமானத்தில் மூக்கில் ஏறும் 10 கிராம், வாலைச் சமன் செய்யும் கணக்கையே மாற்றிவிடும். கடைசியாக, உங்கள் சால்டரிங் கைப்பழக்கம். இதைப் பலர் கணக்கில் சேர்ப்பதில்லை. சுமாரான சால்டர் மூட்டைவிட நல்ல பிளக் எவ்வளவோ மேல்.

## முதல் வழி: புல்லட் இணைப்பிகளை அப்படியே விடுவது

புல்லட் என்பது ஒற்றை வயருக்கான உருளை வடிவ உலோக முனை. மோட்டாரின் மூன்று வயர்களிலும் ஆண் முனை, ஈஎஸ்சியின் மூன்று வயர்களிலும் பெண் முனை, நடுத்தர விமானங்களில் பெரும்பாலும் 3.5 மி.மீ. தடிமன். மோட்டார் எதிர்த்திசையில் சுழன்றால் மூன்றில் எந்த இரண்டையும் இடம் மாற்றினால் போதும். இந்த ஒரு வசதிக்காகவே பழகும் காலத்தில் இந்த வழியைக் கைவிடக் கூடாது என்பேன். மோட்டாரைக் கழற்றிச் சோதிக்கலாம், ஒரே ஈஎஸ்சியை இரண்டு விமானங்களுக்கு மாற்றி மாற்றிப் பயன்படுத்தலாம்.

மறைந்திருக்கும் செலவு, நாளாக நாளாகத் தளரும் பிடி. புல்லட்டின் நடுவே இருக்கும் வில் போன்ற தகடு அழுந்திப் போனால் தொடர்பு விட்டுவிட்டு வரும். மூன்றில் ஒன்று விலகினாலும் மோட்டார் ஓடாது, உதறும், கிறீச்சிடும். அந்த நிலையில் திராட்டிலை (வேகக் கட்டளையை) ஏற்றிக்கொண்டே போனால் ஈஎஸ்சிக்குள் மின்சாரத்தை வெட்டிவிடும் சுவிட்சுகளான மாஸ்ஃபெட்டுகள் கருகவும் வாய்ப்புண்டு. இழுத்தால் எளிதில் கழன்றுவரும் புல்லட்டை நெளித்துச் சரிசெய்யப் பார்க்காமல் மாற்றிவிடுங்கள்.

இன்னொன்று, காப்பு. பெண் முனையை ஹீட் ஷ்ரிங்க் (சூட்டில் சுருங்கும்) குழாய் முழுவதுமாக மூடியிருக்க வேண்டும், விளிம்பு தாண்டி ஒரு மி.மீ. வந்தாலும் நல்லதே. மூன்று இணைப்பிகளும் ஒரே இடத்தில் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு கிடப்பதால், திறந்த உலோகம் ஒன்றையொன்று தொட்டால் ஈஎஸ்சிக்கு அதுவே கடைசிப் பறப்பு.

## இரண்டாவது வழி: மோட்டாரையும் ஈஎஸ்சியையும் நேரடியாகச் சால்டர் செய்வது

ஆறு புல்லட்டுகளும் போய்விடும், வயரும் தேவையான நீளத்துக்கு வந்துவிடும். தளர்வதற்கு எதுவும் இல்லை. ஒரே விமானத்துக்கென்று ஒதுக்கிவிட்ட மோட்டார்–ஈஎஸ்சி ஜோடிக்கு இதைவிடச் சுத்தமான ஏற்பாடு இல்லை. மூக்கில் இடமே இல்லாத ஒல்லியான கிளைடர்களுக்கு இதுதான் சரி.

ஆனால் கத்தரியை எந்தப் பக்கம் வைக்கிறீர்கள் என்பதில்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். பல அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுழலும்) மோட்டார்களில் வெளியே வரும் வயர் தனி வயர் அல்ல. உள்ளே சுற்றப்பட்டிருக்கும் எனாமல் பூசிய செப்புக் கம்பிகளே ஒரு உறைக்குள் சேர்ந்து வெளியே நீள்கின்றன. தொழிற்சாலையில் நுனியை மட்டும் எனாமல் நீக்கி ஈயம் பூசியிருப்பார்கள். அதை வெட்டிவிட்டால், மீதிக் கம்பிகளில் சால்டர் ஒட்டாது. ஒட்டியது போலத் தெரியும்; ஆனால் பத்து இழைகளில் நான்குதான் மின்சாரத்தைக் கடத்தும். எனாமலை ஒவ்வோர் இழையாகச் சுரண்ட வேண்டும். அதனால், குறைக்க வேண்டுமென்றால் ஈஎஸ்சி பக்கத்துச் சிலிக்கோன் உறை வயரைக் குறையுங்கள், மோட்டார் வயரைத் தொடாதீர்கள்.

சுழலும் திசையையும் முன்பே உறுதிசெய்துகொள்ள வேண்டும். புரொப்பெல்லரைக் கழற்றிவிட்டு, வயர்களைத் தற்காலிகமாக முறுக்கி, ஒன்றையொன்று தொடாதபடி டேப் சுற்றி, மிகக் குறைந்த திராட்டிலில் ஒரு கணம் சுழற்றிப் பார்த்தால் போதும். பிஎல்ஹெலி வகை மென்பொருள் உள்ள ஈஎஸ்சிகளில் திசையை அமைப்பிலேயே மாற்றலாம். விலை குறைந்த 30 ஆம்ப் ஈஎஸ்சிகள் பலவற்றில் அந்த வசதி இருக்காது.

விபத்துக்குப் பின் தெரியவரும் செலவும் உண்டு. மூக்கு நொறுங்கி மோட்டாரின் தண்டு வளைந்தால், மைதானத்தில் வைத்து மாற்ற முடியாது. சால்டரிங் இரும்பு இருக்கும் மேசைக்குத் திரும்ப வேண்டும். போட்டிக்குப் போகும் கல்லூரிக் குழுவுக்கு இது அன்றைய நாளையே விழுங்கிவிடும்.

## மூன்றாவது வழி: மூன்று முனை கொண்ட ஒரே பிளக்

எம்டி60, எம்ஆர்30 போன்ற பிளக்குகளில் மூன்று புல்லட்டுகள் ஒரே பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும். எம்டி60-இல் 3.5 மி.மீ. முனைகள், சிறிய எம்ஆர்30-இல் 2 மி.மீ. ஒரே அழுத்தில் மூன்றும் சேரும், ஒரே இழுப்பில் மூன்றும் பிரியும். காப்புக் கவலை இல்லை. இறக்கையைத் தனியாகக் கழற்றி எடுத்துச்செல்லும் இரட்டை மோட்டார் விமானத்தில், ஈஎஸ்சி உடற்பகுதியிலும் மோட்டார் இறக்கையிலும் இருந்தால், இதற்கு இணை இல்லை.

இழப்பது திசை மாற்றும் வசதியை. தப்பான திசையில் சுழன்றால் பிளக்கின் ஒரு பக்கத்தை மீண்டும் சால்டர் செய்ய வேண்டும். ஒற்றை மோட்டார் விமானத்தில் இதற்கு அவசியம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

## இரட்டை மோட்டார்: எந்தப் பக்க வயரை நீட்டுவது?

உண்மையான குழப்பம் இங்கேதான். பேட்டரி உடற்பகுதியில் இருக்கிறது. மோட்டார்கள் இறக்கையில், பக்கத்துக்கு 30 செ.மீ. தள்ளி. ஈஎஸ்சியை மோட்டாருக்குப் பின்னாலேயே இறக்கையிலுள்ள மோட்டார்க் கூட்டுக்குள் வைத்தால் பேட்டரி வயர் நீளும். உடற்பகுதியில் வைத்தால் மோட்டார் வயர் நீளும்.

வயரின் எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதல் ஏற்பாடே லாபம். பேட்டரி வயர் இரண்டு, மோட்டார் வயர் மூன்று. இரு பக்கமும் சேர்த்து முந்தையதற்கு 120 செ.மீ., பிந்தையதற்கு 180 செ.மீ. தேவை. 14 கேஜ் வயரில் அந்த 60 செ.மீ. வித்தியாசத்தின் செப்பு மட்டும் சுமார் 11 கிராம்.

மின்தடையும் பெரிய விஷயமில்லை. 14 கேஜ் வயரின் தடை மீட்டருக்கு 8.3 மில்லி ஓம். 30 செ.மீ. போக, 30 செ.மீ. வர என்று 60 செ.மீ.க்கு 5 மில்லி ஓம். முழு 30 ஆம்ப் ஓடினாலும் இழப்பு 0.15 வோல்ட், 4.5 வாட். அதே நீளத்துக்கு இன்னும் மெல்லிய 18 கேஜ் போட்டால் (கேஜ் எண் கூடக் கூட வயர் மெலியும்) 0.38 வோல்ட், 11 வாட்டுக்கு மேல், அது வீண்.

விவகாரம் வேறிடத்தில் இருக்கிறது. ஈஎஸ்சி மின்சாரத்தைத் தொடர்ச்சியாக இழுப்பதில்லை. நொடிக்குப் பல ஆயிரம் முறை வெட்டி வெட்டி இழுக்கிறது. ஒவ்வொரு வெட்டின்போதும், நீண்ட வயரின் மின்தூண்டல் காரணமாக ஓடிக்கொண்டிருந்த மின்சாரம் சட்டென்று நிற்க மறுத்து, ஈஎஸ்சியின் வாசலில் மின்னழுத்தத்தை உயர்த்துகிறது. அந்த அலையை விழுங்குவதற்குத்தான் ஈஎஸ்சியின் முகப்பில் உருளை வடிவக் கெப்பாசிட்டர்கள் இருக்கின்றன. வயர் நீள நீள அவற்றின் வேலை கூடுகிறது, சூடாகின்றன, நாளடைவில் உப்பிச் சாகின்றன, அடுத்தது மாஸ்ஃபெட். இந்தத் துடிப்பு முழுத் திராட்டிலைவிடப் பாதித் திராட்டிலில்தான் அதிகம். ஆகவே மெதுவாகத்தானே பறக்கிறோம் என்ற ஆறுதல் செல்லாது.

மோட்டார் பக்கம் நீட்டினால் இந்த ஆபத்து இல்லை. மோட்டாருக்குள்ளேயே அத்தனை மீட்டர் கம்பிச் சுற்று இருக்கிறது. கூடுதலான 30 செ.மீ. அதற்கு ஒரு பொருட்டல்ல. இங்கே கொடுக்கும் விலை ரேடியோ இரைச்சல். வெட்டப்பட்ட மின்சாரம் ஓடும் வயர் ஆன்டெனா போல வீசும். மூன்று வயர்களையும் சடை போலப் பின்னிவிட்டு, ரிசீவரின் ஆன்டெனாவிலிருந்து தள்ளிக் கொண்டுபோனால் பெரும்பாலும் அடங்கிவிடும். மூன்றும் ஒரே நீளத்தில் இருக்கட்டும்.

எனவே என் தேர்வு, ஈஎஸ்சி உடற்பகுதியில். ஒரு நிபந்தனை: அங்கே காற்று ஓட வேண்டும். உள்ளே வரும் துளையைவிட வெளியேறும் துளை பெரிதாக இருக்க வேண்டும். மோட்டார்க் கூட்டில் புரொப்பெல்லர் காற்று இலவசமாகக் கிடைக்கிறது. மூடிய ஃபோம் வயிற்றில் கிடைக்காது. ஃபோமைப் போல வெப்பத்தைத் தேக்கிவைக்கும் பொருளும் குறைவு.

காற்றுக்கு வழியே இல்லாத வடிவமைப்பு என்றால் ஈஎஸ்சியைக் கூட்டுக்குள் வையுங்கள், பேட்டரி வயரை நீட்டுங்கள், கூடவே கெப்பாசிட்டர் சேருங்கள். பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு, கூடுதலாகும் ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஈஎஸ்சியின் வாயருகே 220 மைக்ரோஃபாரட், குறைந்த உள்தடை வகையில். 3எஸ், 4எஸ் பேட்டரிக்கு 35 வோல்ட் தாங்குவது, 6எஸ்-க்கு 50 வோல்ட் தாங்குவது. கெப்பாசிட்டரைப் பேட்டரி முனையில் வைத்தால் பயனில்லை. நேர், எதிர் வயர்களை ஒன்றோடொன்று ஒட்டியே கொண்டுபோங்கள். இரண்டும் விலகிப் போனால் தூண்டல் கூடும்.

## நான்காவது வழி: எல்லாம் ஒரே பலகையில்

மிகச் சிறிய விமானங்களில் ரிசீவரும் ஈஎஸ்சியும் ஒரே அட்டையில் வருகின்றன. வயரிங் என்று சொல்ல எதுவும் மிஞ்சாது. கையகல விமானத்துக்கு இதுவே போதும், வேறு வழியும் இல்லை. ஒன்று கெட்டால் அனைத்தும் போகும், அவ்வளவுதான்.

அடுத்த படியில், மேடெக் எஃப்405-விங் போன்ற விமானக் கட்டுப்பாட்டுப் பலகைகள். பேட்டரி மின்சாரத்தை இரு ஈஎஸ்சிகளுக்கும் பிரித்துத் தருவது, சர்வோவுக்குத் தனி மின்சாரம், மின்னோட்ட அளவீடு எல்லாம் அதிலேயே உண்டு. ஒய் வயர் தேவையில்லை; ரிசீவருக்கும் சர்வோக்களுக்கும் 5 வோல்ட் போன்ற குறைந்த மின்னழுத்தம் தரும் பிஇசி தனியாகத் தேவையில்லை. மறைமுகச் செலவு, ஐநாவ் அல்லது ஆர்டுபைலட் மென்பொருளை அமைப்பதற்கான நேரம். நிலைப்படுத்தலோ தானியங்கித் திரும்புதலோ எப்படியும் வேண்டும் என்பவர்களுக்கு வயர் குறைவது கூடுதல் லாபம். வயரைக் குறைக்க மட்டும் இதை வாங்குவது கொசுவுக்குப் பயந்து வீட்டை மாற்றுவது.

நான்கு ஈஎஸ்சிகள் ஒரே பலகையில் சேர்ந்த, ட்ரோன்களுக்கான நான்கு-ஒன்றில் ஈஎஸ்சியை இரட்டை மோட்டார் விமானத்தில் பொருத்தலாமா என்றும் கேட்கிறார்கள். பொருத்தலாம். ஆனால் அது நாற்புறமும் காற்றடிக்கும் திறந்த சட்டத்துக்காகச் செய்யப்பட்டது. பெரும்பாலானவற்றில் பிஇசி இல்லை. ஒரு பகுதி கருகினால் முழுப் பலகையும் போகும். இரண்டு தனி ஈஎஸ்சிகள் மலிவாகக் கிடைக்கும்போது இதில் என்ன சுகம் என்று எனக்கு விளங்கவில்லை.

## அட்டவணையில் பார்த்தால்

| வழி | கழற்றும் வசதி | பழுதாகும் விதம் | மறைமுகச் செலவு | எப்போது சரி |
|---|---|---|---|---|
| புல்லட் இணைப்பிகள் | மிக எளிது, திசையும் மாற்றலாம் | தளர்வு, உரசல் | அவ்வப்போது சோதனை, மாற்றீடு | பழகுபவர்கள், போட்டிக் குழுக்கள் |
| நேரடிச் சால்டர் | இல்லை | மோசமான மூட்டு | மைதானத்தில் பழுதுபார்க்க முடியாது | நிலையான ஜோடி, இடமில்லாத மூக்கு |
| மூன்று முனைப் பிளக் | எளிது, திசை மாற்ற முடியாது | குறைவு | மீண்டும் சால்டர் செய்ய நேரலாம் | கழற்றும் இறக்கை |
| ஈஎஸ்சி உடற்பகுதியில் | எளிது | வெப்பம் | கூடுதல் வயர், காற்றுத் துளைகள் | பெரும்பாலான இரட்டை மோட்டார் விமானங்கள் |
| ஈஎஸ்சி மோட்டார்க் கூட்டில் | கடினம் | கெப்பாசிட்டர் சாவது | கூடுதல் கெப்பாசிட்டர், நீளும் சர்வோ வயர் | உடற்பகுதியில் காற்று இல்லாதபோது |
| ஒருங்கிணைந்த பலகை | இல்லை | ஒன்று போனால் எல்லாம் | அமைப்பு நேரம் | மிகச் சிறியவை, தானியங்கி விமானங்கள் |

## மெல்லிய வயரை மறந்துவிடாதீர்கள்

தடிமனான வயர்களைப் பற்றியே பேசிவிட்டு, ரிசீவருக்குப் போகும் மூன்று மெல்லிய வயர்களைப் பலர் விட்டுவிடுகிறார்கள். விமானத்தைக் காப்பாற்றுவதும் கைவிடுவதும் அவைதான்.

மலிவான ஈஎஸ்சிகளில் இருக்கும் லீனியர் வகை பிஇசி, பேட்டரியின் மின்னழுத்தத்தை 5 வோல்ட்டாகக் குறைப்பதற்கு மிச்சத்தை வெப்பமாக எரிக்கிறது. முழுதாகச் சார்ஜ் ஆன 3எஸ் பேட்டரி 12.6 வோல்ட். சர்வோக்கள் ஒரு ஆம்ப் இழுத்தால் 7.6 வாட் வெப்பம். 4எஸ் என்றால் 11.8 வாட். வாயளவில் 2 ஆம்ப் தரும் பிஇசி, 4எஸ்-இல் நான்கைந்து சர்வோக்களோடு சூடாகி வானத்திலேயே நின்றுவிடலாம். நின்றால் ரிசீவரும் நிற்கும். எனவே 4எஸ்-க்குப் போகிறவர்கள் மிச்சத்தை அவ்வளவாக எரிக்காத ஸ்விட்சிங் வகை பிஇசி உள்ள ஈஎஸ்சியையோ, ஈஎஸ்சிக்கு வெளியே தனியாக வரும் பிஇசியான யுபிஇசியையோ வாங்க வேண்டும். தனி யுபிஇசி என்பது கூடுதலாக ஒரு பெட்டியும் நான்கைந்து வயர்களும்தான். இங்கே எளிமையை விட்டுக்கொடுப்பது நியாயம்.

இரட்டை மோட்டாரில் இரு பிஇசிகள் ஒரே ரிசீவருக்கு மின்சாரம் தள்ளும். ஸ்விட்சிங் வகையென்றால் இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கும். ஒரு ஈஎஸ்சியின் சர்வோ பிளக்கில் நடுவிலிருக்கும் சிவப்பு வயரின் பிளாஸ்டிக் நாக்கை ஊசியால் நெம்பி, முனையை வெளியே இழுத்து, டேப் சுற்றி மடித்துவிடுங்கள். வெட்ட வேண்டாம், பிறகு தேவைப்படும்.

ஒய் வயரிலும் கவனம் வேண்டும். ஒவ்வொரு ஈஎஸ்சியும் 30 ஆம்ப் இழுத்தால் பேட்டரி பிளக் வழியாக 60 ஆம்ப் போகும். 60 ஆம்புக்கான பேட்டரி பிளக்கான எக்ஸ்டி60 அதன் எல்லைக்கே வந்துவிடும். எக்ஸ்டி90-க்கு மாறுவது நல்லது. ஒய் வயரின் ஒரு கிளையில் எதிர்முனை மூட்டு விட்டுப்போனால் இன்னொரு விபரீதம் உண்டு: அந்த மோட்டாரின் மின்சாரம் முழுவதும் சர்வோ பிளக்கின் மெல்லிய கறுப்பு வயர் வழியாகத் திரும்பப் பார்க்கும். அந்த வயர் உருகி, கூடவே ரிசீவரையும் கொண்டுபோகும். ஒய் வயரின் மூட்டுகளைத்தான் விமானத்திலேயே மிகுந்த பொறுமையோடு சால்டர் செய்ய வேண்டும்.

பேட்டரி பிளக்கைப் பொறுத்தவரை, எக்ஸ்டி60, டீன்ஸ், ஈசி3 எதுவும் மோசமில்லை. உங்களிடம் உள்ள எல்லாப் பேட்டரிகளிலும் ஒரே வகை இருக்கட்டும். ஒரு வகைப் பிளக்கை இன்னொன்றோடு சேர்க்கும் மாற்றி வயர்கள் பெட்டியில் சேரச் சேர, குறைத்த வயரெல்லாம் திரும்ப வந்துவிடும். எக்ஸ்டி60 சால்டர் செய்யும்போது பிளக்கின் மறுபாதியைச் செருகி வைத்துக்கொண்டால், பிளாஸ்டிக் இளகினாலும் முனைகள் கோணாது.

எந்த வழியைத் தேர்ந்தெடுத்தாலும், முதல்முறை பேட்டரியைச் செருகும் முன் புரொப்பெல்லரைக் கழற்றுங்கள். நேர் வயரில் ஒரு 12 வோல்ட், 21 வாட் கார் இண்டிகேட்டர் பல்பைத் தொடராக வைத்துச் செருகுங்கள். 6எஸ் என்றால் இரண்டு பல்புகள் தொடராக. கெப்பாசிட்டர்கள் நிரம்பும் கணத்தில் பல்பு மின்னி அணைந்தால் இணைப்பு சரி. தொடர்ந்து எரிந்தால் எங்கோ குறுக்குத் தொடர்பு இருக்கிறது. உடனே பிடுங்கிவிட்டு ஒய் வயரிலிருந்து தேடத் தொடங்குங்கள்.